கேப்டன் மார்ச்பேங்கின் அறைக்குக் கதவு இல்லை

என் அக்காவின் கணவர் ஜார்விஸ் ஹோல்பீச் ஒரு கோடையின் கடைசியிலிருந்து நவம்பர் மூடுபனி வரைக்கும் கதவில்லாத ஓர் அறையில் அடைபட்டுக் கிடந்தார். அந்த அறையை அவரே கட்டிக்கொண்டார் என்று லண்டனில் இன்றைக்கும் சொல்லித் திரிகிறார்கள். அது பொய். கட்டியது ஜெத்ரோ பிம் என்ற மரச்செதுக்காளன். ஹோல்பீச் அதற்குள் ஒரு கேப்டனைத்தான் வைத்தார். பிறகு கேப்டனுக்குத் துணையாகத் தானும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். அந்த நாளில் நான் அவர் வீட்டில்தான் சாப்பிட்டு, அவர் வீட்டில்தான் தூங்கி, அவர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆகவே நான் சொல்வதை நம்பலாம்.

ஹோல்பீச்சின் நாக்கில் எல்லாச் சொல்லும் வரும். 'மாட்டேன்' என்ற ஒரு சொல் மட்டும் வராது. ஒரு தடவை ஸ்ட்ராண்ட் வீதியில் ஒருவன் அவர் கையிலிருந்த குடையை வாங்கிப் பார்த்துவிட்டு அதை அவருக்கே விற்றான். வாங்கிக்கொண்டு வந்து, "நல்ல குடை மாப்ளே, அப்படியே என் குடை மாதிரியே இருக்கு" என்று என்னிடம் காட்டினார். என் அக்கா லெட்டீஷியாவை அவர் கட்டிக்கொண்டதும் அப்படித்தான். அவள்தான் கேட்டாள். ஆனால் அந்தக் காரியத்தில் அவர் நஷ்டப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவளைப் பார்க்கும்போது மட்டும் அந்த மனிதர் முகத்தில் விளக்கேற்றியது போல இருக்கும்.

அவர் நாவலாசிரியர் ஆன கதையும் இதே ரகம். இளம் வயதில் டெப்ட்ஃபோர்டில் ஒரு மெழுகுவத்திக் கிடங்கில் எழுத்தராக இருந்தார். வத்தி சுற்றுகிற காகிதத்தில் வாங்குபவர் மனம் குளிர நாலு வார்த்தை எழுதச் சொன்னார் முதலாளி. 'ஓர் இளம்பெண் கையில் வத்தியுடன் பாதாள அறைக்குள் இறங்கினாள்' என்று ஆரம்பித்தார். மூன்றாவது படியிலேயே காகிதம் தீர்ந்துவிட்டது. மீதியை அடுத்த கட்டின் காகிதத்தில் எழுதினார். அவ்வளவுதான். அந்தப் பெண் கீழே போய்ச் சேர்ந்தாளா என்று தெரிந்துகொள்ள டெப்ட்ஃபோர்டே வத்தி வாங்க ஆரம்பித்தது. பட்டப்பகலில் வத்தி கொளுத்தினார்கள். வீட்டில் வைக்க இடமில்லாமல் வத்தியை அடுக்கி அதன்மேல் படுத்தவர்கள் உண்டு. பதிப்பாளர் வாட்லோ அந்தக் காகிதம் ஒன்றை வத்தி வெளிச்சத்தில் மிக நெருங்கிப் படித்ததில் ஒரு பக்க மீசையைப் பறிகொடுத்தார். மறுநாள் காலையில் மீதி மீசையோடு டெப்ட்ஃபோர்டுக்கு வந்து, வத்தி இல்லாமல் கதை மட்டும் எழுத முடியுமா என்று கேட்டார். ஹோல்பீச்சால் மறுக்க முடியவில்லை.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். நாவல் மேல் நாவல். அவர் பெயரில் தொப்பி வந்தது, புட்டிங் வந்தது, ஒரு பந்தயக் குதிரையும் வந்தது. குதிரை எப்போதும் கடைசியாகவே வரும், கொஞ்சம் கொஞ்சமாக, அடுத்து என்ன ஆகுமோ என்று ஏங்க வைத்து வரும். அதற்காகவே பார்க்கக் கூட்டம் கூடும்.

கேப்டன் மார்ச்பேங்கின் கதை மாதாமாதம் சாம்பல் நிற அட்டை போட்ட சிறு புத்தகமாக வந்துகொண்டிருந்தது. அந்தக் கோடையில் என் அக்காவின் இருமல் மோசமானது. டாக்டர் ஆஷ்வொர்த் அவள் முதுகில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். அடுத்த குளிர்காலம் லண்டன் புகையில் கழிந்தால் வசந்தத்தைப் பார்க்க மாட்டாள் என்று ஹோல்பீச்சைத் தனியே அழைத்துச் சொன்னார். மடீரா தீவுக்குக் கூட்டிப் போக வேண்டும், நவம்பருக்குப் பிறகு கப்பல் கிடைக்காது என்றார். சொல்லிவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டே, "கேப்டன் தப்பிச்சிடுவாரில்ல?" என்று ரகசியமாகக் கேட்டார்.

மடீராவிலிருந்து மாதக் கதை எழுத முடியாது. தபால் போய் வருவதற்குள் மாதம் தீர்ந்துவிடும். ஆகவே கதையைச் சீக்கிரம் முடிப்பது என்று ஹோல்பீச் தீர்மானித்தார். திட்டம் எளிமையானது. கேப்டனைச் சிறையில் போடுவது, சிறை அதிகாரியின் மகள் சாவியோடு வந்து கதவைத் திறப்பது, கல்யாணம், சுபம். உடனே கப்பல். லெட்டி என்னோடு முன்னால் போகட்டும் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. "நான் போயிட்டா இவரு எழுந்திருக்கவே மாட்டாருடா. வாட்லோ இன்னொண்ணு கேப்பாரு, இவரு சரிம்பாரு. நான் அங்க கெடந்து தபால்ல கதை படிச்சுட்டு இருப்பேன். போனா ரெண்டு பேருமாத்தான்" என்று என்னிடம் சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான். அந்த வீட்டில் 'மாட்டேன்' அத்தனையும் அவளிடம்தான் சேர்ந்திருந்தது.

கேப்டனைச் சிறையில் போட்ட இதழ் எழுதி முடிந்தது. கடைசி வரிகள் இவை: 'கேப்டன் கண் விழித்தார். வைக்கோலின் மேல் எழுந்து உட்கார்ந்தார். பார்த்தார். பார்த்ததும் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.' என்ன புரிந்தது என்று நான் கேட்டேன். இதழை முடிக்க நல்ல வரி, அவ்வளவுதான் மாப்ளே, என்றார்.

இனி படம். இதழுக்கு ஒரு படம் உண்டு, மரக்கட்டையில் செதுக்கி மை தடவி அச்சடிப்பது. இந்தப் படங்களைச் செதுக்குகிற மரம் தடித்து வளராது. ஆகவே உள்ளங்கை அகலக் கட்டைகளைத் திருகாணி போட்டு ஒரே பலகையாக முடுக்கி, ஓவியர் அதன்மேல் வரைந்து கொடுப்பார். அவசரமென்றால் திருகைக் கழற்றிக் கட்டைகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துவிடுவார்கள். கேப்டனின் மூக்கில் பாதியை ஒருவன் செதுக்குவான், மறுபாதியைத் தெருக்கோடியில் இன்னொருவன் செதுக்குவான். முழுப்படம் என்னவென்று எவனுக்கும் தெரியாது. மறுபடி சேர்த்து முடுக்கினால் மூக்கு ஒட்டிக்கொள்ளும். வாட்லோவிடம் அவசரமில்லாத மாதம் என்று ஒன்று இருந்ததே இல்லை.

இதழ் வெளியான காலையில் நாங்கள் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான்தான் முதலில் பிரித்தேன். படத்தில் கேப்டன் வைக்கோல் மேல் உட்கார்ந்து நம்மையே வெறித்துப் பார்க்கிறார். இந்தப் பக்கம் செங்கல் சுவர், அந்தப் பக்கம் செங்கல் சுவர், முதுகுக்குப் பின்னால் செங்கல் சுவர். மேலே கல், கீழே கல்.

"அத்தான், கதவு எங்கே?" என்றேன்.

ஹோல்பீச் வாங்கிப் பார்த்தார். வாயிலிருந்த முட்டை வாயிலேயே இருந்தது.

வாட்லோவின் அலுவலகத்துக்கு ஓடினோம். கிளார்க்கன்வெல்லிலிருந்து ஜெத்ரோ பிம்மை அழைத்து வந்தார்கள். ஒல்லியான மனிதன், எப்போதும் நியாயம் தன் பக்கம் என்ற முகம். அவன் பங்குக்கு வந்த கட்டையை உலர்த்த அடுப்போரம் வைத்தானாம். மாமியார் அதைக் கெட்டிலுக்கு அடியில் முட்டுக்கொடுத்துவிட்டாள். படம் கருகிவிட்டது. என்ன இருந்தது என்று அவன் பார்த்தே இருக்கவில்லை.

"இந்தப் பக்கத்து ஆளோட கட்டையை எட்டிப் பாத்தேங்க, செங்கல்லு. அந்தப் பக்கத்து ஆளோடதையும் பாத்தேன், செங்கல்லு. நடுவுல மட்டும் என்ன, மாட்டுக்கொட்டாயா இருக்கப்போவுது? செங்கல்லைப் போட்டேன்."

"அது கதவு, பிம்" என்றார் ஹோல்பீச்.

"அப்படிங்களா. இருந்தாலும் செங்கல்லைப் பாருங்க ஐயா. ஒவ்வொண்ணும் தனித்தனி."

ஹோல்பீச் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, செங்கல் உண்மையிலேயே நன்றாக இருப்பதாக ஒப்புக்கொண்டார். அடுத்த இதழில் 'படத்தில் கதவு விடுபட்டுவிட்டது, வாசகர்கள் மன்னிக்கவும்' என்று ஒரு வரி போட்டுவிடலாம் என்றும் சொன்னார். போட்டிருப்பார்கள். ஆனால் அதற்குள் தெருவில் சத்தம் கேட்டது. வாட்லோவின் கடைக்கு முன்னால் சாம்பல் அட்டை வாங்க வந்த கூட்டம் இடம் போதாமல் நெருக்கியடித்து எதிர்க்கடையின் கண்ணாடியை உடைத்துக்கொண்டிருந்தது.

கதவில்லாத அறையிலிருந்து மார்ச்பேங்க் எப்படி வெளியே வருவார்? இங்கிலாந்தில் அந்த இலையுதிர் காலத்தில் வேறு பேச்சே இல்லை. குதிரை பூட்டிய ஆம்னிபஸ் ஓட்டுகிறவர்கள் இதைப் பற்றி வாதாடிக்கொண்டே பாலத்தைத் தாண்டி அடுத்த மாவட்டத்துக்குள் போய்விட்டார்கள். ஒரு பிஷப், கேப்டன் பாவம் செய்தவர், கதவு இருந்தது, அவர் கண்ணுக்குத்தான் தெரியவில்லை என்று பிரசங்கம் செய்தார். கேப்டன் என்ன சாப்பிடுவார் என்று பெண்கள் அழுதார்கள். அவர் கோட்டுப் பையில் ஒரு பெரிய சீஸ் கட்டி இருந்ததாக ஹோல்பீச் எழுத வேண்டியதாயிற்று. உடனே அது எங்கள் ஊர்ச் சீஸா உங்கள் ஊர்ச் சீஸா என்று செடார்க்காரர்களுக்கும் செஷயர்க்காரர்களுக்கும் அடிதடி வந்தது. கூடை கூடையாகச் சீஸ் வந்து இறங்கியது. அதில் பெரும்பகுதியை நான் பார்த்துக்கொண்டேன்.

தேம்ஸின் தென்கரையில் ஒரு கேளிக்கைத் தோட்டக்காரன் படத்தில் உள்ளபடியே ஓர் அறையைக் கட்டினான். கதவில்லாத அறை என்பதால் கொத்தனார் உள்ளே நின்றுகொண்டு கட்டினார். நன்றாகக் கட்டினார். கடைசிச் செங்கலை வைத்த பிறகுதான் தான் இருக்கும் பக்கத்தைக் கவனித்தார். அவரை வெளியே எடுக்கும் வேடிக்கையைப் பார்க்கவே முதல் வாரம் கூட்டம் அலைமோதியது. பிறகு பர்மிங்காமிலிருந்து நாட்டின் தலைசிறந்த பூட்டுத் திறப்பாளர் வந்தார். மேலே ஒரு துளை போட்டு அவரை இறக்கித் துளையை அடைத்தார்கள். மனிதர் தன் கருவிகளை வரிசையாக வைக்கோல் மேல் பரப்பினார். சுற்றிலும் பார்த்தார். திறக்க ஒன்றுமே இல்லை என்று கண்டதும் குழந்தையைப் போல அழுதார்.

இத்தனைக்கும் நடுவில் வாட்லோ எங்கள் வீட்டுக்கு வந்தார். இரண்டு பக்க மீசையும் மினுமினுத்தது. அடுத்த இதழில் கேப்டனை வெளியே விட வேண்டாம் என்றார். இன்னும் ஒரே ஒரு மாதம். மனைவியின் உடம்பைப் பற்றி ஹோல்பீச் தொடங்கினார். வாட்லோ கண்ணீர் விட்டார், உண்மையான கண்ணீர், நான் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரே ஒரு மாதம் என்றார். ஹோல்பீச் சரி என்றார். அடுத்த மாதமும் அதே கண்ணீர், அதே சரி.

ஒரு மனிதன் ஓர் அறையில் சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்பதை ஒரு முழு இதழுக்கு எழுதிப் பாருங்கள், தெரியும். முதல் மாதம் கேப்டன் செங்கற்களுக்குப் பெயர் வைத்தார். விரிசல் விட்ட ஒன்றுக்குத் தன் அத்தை டொரோத்தியாவின் பெயரை வைத்தார். விரிசல் பெரிதாகிறதா என்று விசாரித்து அத்தைக்குத் தபால் வந்து குவிந்தது. அடுத்த மாதம் ஒரு சிலந்தி. அதற்கு அடுத்து, கேப்டன் சிறு வயதில் மாமா பண்ணையில் பார்த்த டர்னிப் கிழங்குகள், ஒவ்வொன்றாக.

இதற்குள் எங்கள் பிம்லிக்கோ தெரு நிரந்தரச் சந்தையாகிவிட்டது. காலையிலிருந்து இருட்டும் வரை கூட்டம். மணியடித்து மஃபின் விற்கிறவன் எங்கள் படிக்கட்டிலேயே கடை போட்டான். ஹோல்பீச் தலையைக் காட்டினால் போதும், ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள், கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு சொல்வார்கள். தரையைத் தோண்டட்டும், சுவரில் சீஸ் தேய்த்து எலிகளை வரவழைக்கட்டும், மெலிந்து மெலிந்து செங்கல் இடுக்கில் நுழையட்டும். ஹோல்பீச்சால் யாரையும் பாதியில் விட்டுவிட்டு நகர முடியாது. ஒரு நாள் காலையில் புகையிலை வாங்கக் கிளம்பியவர் மறுநாள் மத்தியானம் பொத்தானே இல்லாத கோட்டோடு திரும்பி வந்தார். தெருமுனையைத் தாண்டியிருக்கவில்லை.

அதன்பிறகு அவர் வெளியே போவதை நிறுத்திவிட்டார். ஜன்னல் வழியே முகங்கள் தெரிகின்றன என்று என்னைக் கொண்டு புத்தக அலமாரியை ஜன்னலை மறைத்து நகர்த்த வைத்தார். கேப்டனின் அறை எத்தனை அடி என்று கணக்கிட்டு, மேஜையையும் நாற்காலியையும் அந்த அளவுக்குள் ஒடுக்கிக்கொண்டார். சாப்பாடு உள்ளேயே போனது. யாராவது கூப்பிட்டால் எழுந்து நடந்து வந்து சுவரில் முட்டிக்கொள்வார். கதவு இரண்டடி தள்ளி இருக்கும். "மன்னிக்கணும்" என்று சுவரிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொள்வார்.

அடுத்த அறையில் லெட்டி இருமுவாள். அவள் இருமும்போது அவர் பேனா நிற்கும். இருமல் ஓய்ந்ததும் ஓடத் தொடங்கும். அக்டோபர் முடிவில் சில நாட்களில் பேனா ஓடவே இல்லை. நான் அந்த இரண்டு அறைகளுக்கும் நடுவில் தீ மூட்டி உட்கார்ந்திருப்பேன். ஒரு பக்கம் இருமல், மறுபக்கம் பேனா நின்றுவிட்ட அமைதி. அப்போதெல்லாம் எனக்குச் சீஸ்கூட இறங்கவில்லை.

டாக்டர் ஆஷ்வொர்த் வந்து குழலை வைத்துக் கேட்டார். இந்தத் தடவை கேப்டனைப் பற்றி விசாரிக்காமலே போனார். அதுதான் எங்களைப் பயமுறுத்தியது.

ஒரு சாயங்காலம் தேநீர் நேரத்தில் லெட்டி அவர் அறைக்கே வந்து நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். கேக் வைத்துச் சாப்பிடத் தட்டு இல்லையென்று பழைய சாம்பல் அட்டை இதழ் ஒன்றை மடியில் விரித்துக்கொண்டாள். கேக் தீர்ந்தது. அடியில் படம் தெரிந்தது. துகளை ஊதிவிட்டு வெகுநேரம் பார்த்தாள்.

"என்னங்க, இந்த ஆளு எங்க பாக்கறாரு?"

"வாசகரை" என்றார் ஹோல்பீச், தலை நிமிராமல்.

"நம்மளையா? நம்மளை அவருக்குத் தெரியவே தெரியாதே. தெரியாதவங்களை எதுக்கு இப்படி முழுசா பாக்கணும்?"

பேனா நின்றது.

"படத்துல மூணு சுவருதாங்க இருக்கு. எண்ணிப் பாருங்க. நாலாவது சுவரு நம்ம முதுகுக்குப் பின்னால. அதுலதான் கதவு. மனுசன் கதவைப் பாத்துட்டு உக்காந்திருக்காரு. பாத்ததும் எல்லாம் புரிஞ்சிடுச்சுன்னு நீங்கதானே எழுதுனீங்க?"

ஹோல்பீச் எழுந்தார். நடந்தார். சுவரில் முட்டினார். முட்டிய இடத்திலேயே நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று நாங்கள் கேட்கவில்லை.

அன்றைக்கே உட்கார்ந்து எழுதினார். கேப்டன் கதவைப் பார்க்கிறார், கதவுக்கு வெளியே சாவிச் சத்தம், சிறை அதிகாரியின் மகள், கல்யாணம், சுபம். அவர் எழுதியதிலேயே அதுதான் சிறந்தது என்று நான் இன்றைக்கும் சொல்வேன். படித்தவர்கள் நாங்கள் நாலே பேர்தான் என்பதால் மறுக்க ஆளில்லை. துணிமணியைத் தானே பெட்டியில் அடுக்கினார், பாதி என் சட்டைகள். பிறகு நானும் அவரும் நிலக்கரி இறக்கும் வழியாக வெளியேறிக் கரி பூசிய முகத்தோடு வாட்லோவைப் போய்ப் பார்த்தோம்.

வாட்லோ நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். கடைசித் தாளுக்கு முத்தம் கொடுத்தார். எல்லாவற்றையும் மடித்து இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியைத் தன் உள்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அற்புதம். அடுத்த கோடையில போடறோம்."

"வாட்லோ, லெட்டி…"

"அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க. இங்க பாருங்க, ராசா. கதவு எங்க இருக்குன்னு தெரிஞ்சிட்டா நாளைக்கே ஊர் மொத்தமும் அவனவன் வீட்டுக்குப் போயிடும். தெரியாத வரைக்கும்தான் நீங்க ஹோல்பீச். இதுவரைக்கும் நான் கேட்டு நீங்க இல்லைன்னதே இல்ல. இப்பவும் சொல்லாதீங்க."

ஹோல்பீச் வாயைத் திறந்தார். அந்தச் சொல் வரும் என்று நானும் காத்திருந்தேன். தொண்டை வரைக்கும் வந்தது, கழுத்து அசைந்ததைப் பார்த்தேன். பிறகு வாயை மூடிக்கொண்டார்.

திரும்பி வரும்போது, "மாப்ளே, அக்காகிட்ட நீ சொல்லிடேன்" என்றார். மாட்டேன் என்றேன். எனக்கு அந்தச் சொல் நன்றாக வரும்.

அவரே சொன்னார். வசந்தத்தில் போகலாம், அதுவரை ஜன்னலெல்லாம் கம்பளி கட்டி, தீயைப் பெரிதாக மூட்டி எப்படியாவது பார்த்துக்கொள்ளலாம் என்றார். சொல்லி முடிக்க முடியாமல் பாதியில் தரையைப் பார்த்தார். லெட்டி கோபப்படவில்லை.

"கடைசிக் கப்பல் என்னைக்கு?" என்று என்னைக் கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை."

"சரி" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் மூடுபனி கஞ்சி போல இறங்கியிருந்தது. லெட்டி பயண உடையில் கீழே வந்தாள். என்னை வண்டி பிடித்து வரச் சொன்னாள். ஹோல்பீச் தன் அறையில் கேப்டனின் இடது கால் செருப்பைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார், எட்டாவது பக்கம். நான் வண்டியோடு வந்தபோது கூட்டம் வழக்கம்போல வீட்டை அடைத்துக்கொண்டு நின்றது. பெட்டிகளைப் பார்த்ததும் கசகசவென்று பேச்சு. லெட்டி வாசற்கதவைத் திறந்து படியில் வந்து நின்றாள்.

"அம்மா, கேப்டன் எப்ப வருவாரு? உங்களுக்காவது தெரியுமா?" என்றார் முன்வரிசையிலிருந்த மீன்காரர் ஹாப்குட்.

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள், இருமல் வந்துவிட்டது. நீண்ட இருமல். படிக்கட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருமினாள். ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். மஃபின்காரன் மணியைக் கையால் பொத்திக்கொண்டான்.

"அவர் உங்களைப் பாக்கலை" என்றாள் அவள், மூச்சு வாங்கிக்கொண்டு. "கதவைப் பாக்கறாரு. படத்துல மூணு சுவருதான். நாலாவது உங்க பக்கம். கதவு அங்கதான் இருக்கு. முதல் நாள்லேர்ந்து இருக்கு."

ஹாப்குட் தன் தொப்பியைக் கழற்றி உள்ளே ஒட்டியிருந்த படத்தை உரித்தெடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு மெதுவாகத் தன் முதுகுக்குப் பின்னால் திரும்பினார். அவர் திரும்பியதும் அடுத்தவர் திரும்பினார். அப்படியே தெரு முழுவதும், நூற்றுக்கணக்கான பேர், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூடுபனியைப் பார்த்து நின்றார்கள். அங்கே எதிர்வீட்டுக் குதிரை லாயம் தவிர வேறொன்றும் இல்லை.

"இவ்வளவுதானா?" என்றார் யாரோ.

"இதுக்கா நான் முழு சீஸை அனுப்பிச்சேன்?" என்றாள் ஒரு பெண்.

யாரும் கல்லெறியவில்லை. எறிந்திருந்தால்கூட மரியாதையாக இருந்திருக்கும். தொப்பியை மாட்டிக்கொண்டு, எதையோ மறந்து வந்தவர்கள் போல, ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். மஃபின்காரன் மீதியைத் தானே தின்றபடி கடையை மடக்கினான். லண்டனில் அவ்வளவு காலியான தெருவை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

லெட்டி உள்ளே போய் அவர் அறைக்கதவைத் திறந்தாள். "என்னங்க, வெளியே யாரும் இல்ல. வாங்க, போகலாம்."

அவர் நம்பவில்லை. அலமாரியைக் கொஞ்சம் நகர்த்தி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். பிறகு வாசல் வரை வந்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார்.

"ஒருத்தர்கூட இல்லையா?" என்றார். அந்தக் குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது, என்ன செய்ய.

லெட்டி என்ன சொன்னாள் என்பதைச் சொல்லி, கப்பலேறி, கதையை ஒழுங்காக முடித்திருக்கலாம். ஆனால் லண்டனில் செய்தி குதிரையைவிட வேகமாகப் போகும். நாங்கள் மூவரும் வண்டியில் ஏறி உட்காரவும், மூடுபனிக்குள்ளிருந்து வாட்லோ தொப்பியில்லாமல் ஓடிவரவும் சரியாக இருந்தது. ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை கண்ணீர் இல்லை. அதற்கு அவகாசம் இல்லை.

"போனது போகட்டும்" என்று மூச்சிரைத்தார். "கேப்டன் வெளியே வந்தாரு, சரி. வெளியே வந்ததும் ஒரு கிணத்துல விழுந்துடறாரு. ஆழமான கிணறு. படியே இல்ல. ஒரே ஒரு இதழ், ஹோல்பீச். ஒண்ணே ஒண்ணு."

ஹோல்பீச்சின் கண்கள் எங்கோ போயின. அந்தப் பார்வையை நான் அறிவேன். தொலைதூரத்தில் ஒரு கிணறு தெரிகிறது. உதடு அசைந்தது. வலது கை தானாகவே மேலே எழுந்து கோட்டின் உட்பையில் பென்சிலைத் தேடியது.

லெட்டி அந்த மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவரைப் பார்க்கவில்லை, வாட்லோவையும் பார்க்கவில்லை.

"ஓட்டுங்க" என்றாள் வண்டிக்காரனிடம்.

வாட்லோ வாக்ஸ்ஹால் பாலம் வரை கூடவே ஓடிவந்தார். கனத்த மனிதர், அவ்வளவு தூரம் ஓடியதற்காகவே நான் அவரை மதிக்கிறேன். பாலத்தின் மேல் அவருடைய கடைசிச் சொல் 'பலூன்' என்று என் காதில் விழுந்தது. அது ஹோல்பீச்சின் காதில் விழாமல் இருக்க நான் பலமாகத் தும்மினேன்.

லெட்டி சவுத்தாம்ப்டன் துறைமுகம் வரை அந்தக் கையை விடவில்லை. கப்பலிலும் விடவில்லை. பிஸ்கே விரிகுடாவில் கப்பல் தலைகீழாக ஆடி, எல்லாரும் எதையாவது பிடித்துக்கொண்டிருந்தபோதும் அவள் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். மடீராவில் கரை இறங்கும் வரைக்கும் ஜார்விஸ் ஹோல்பீச் இடது கையால்தான் சூப் குடித்தார். பாதி சட்டையில் கொட்டும். அவை என் சட்டைகள்.